பழகிய நாய் வீட்டுக்குள் சலம் போகத் தொடங்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் பல நாய்கள் இப்போது முற்றம் இல்லாமலே வளர்கின்றன. வெள்ளவத்தையில் நான்காம் மாடி, கொட்டாஞ்சேனையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, தெஹிவளையில் ஒரு கார் நிற்கும் அளவு முன்பக்கம். வெளியே போய்ப் பழகிய நாய் அங்கே ஒருநாள் வரவேற்பறை டைல்ஸில் சலம் போய்விட்டால் வீடே இரண்டாகிவிடும். கீழே உள்ளவை, குறைந்தது சில மாதங்களாவது ஒழுங்காக இருந்துவிட்டு மாறிய வளர்ந்த நாய்களுக்கானவை. குட்டிகளுக்கு அல்ல.

மூன்று வருடமாக ஒருநாளும் உள்ளே போகாத நாய். இப்போது எங்கள் மேல் கோபத்தில் வேண்டுமென்றே செய்கிறதா?

இல்லை. கோபத்தைச் சலத்தால் காட்டும் வழக்கம் நாய்க்குக் கிடையாது. தன் சலத்தை அது அருவருப்பான பொருளாகப் பார்ப்பதும் இல்லை. கட்டிலில் போனால் உங்களுக்கு எரிச்சல் வரும் என்று கணக்குப் போட அதற்குத் தெரியாது. உங்கள் வாசம் அதிகமாக இருக்கும் இடம் கட்டில் என்பது மட்டும் தெரியும்.

மூன்றில் ஒன்று நடந்திருக்கும். அடக்க முடியாத நிலை உடம்பில் வந்திருக்கும். அல்லது வெளியே போவதற்கு ஏதோ தடை வந்திருக்கும். அல்லது அது கழிப்பதற்காகப் போகாமல், தன் இடம் என்று வாசத்தால் அடையாளம் வைக்கவோ பயத்திலோ போயிருக்கும். எது என்பதைக் கண்டுபிடிக்காமல் மீண்டும் பழக்கத் தொடங்குவது பாதி நேரம் வீண் வேலை. சிறுநீர்ப்பையில் கல் இருக்கும் நாய்க்கு எவ்வளவு பிஸ்கட் கொடுத்தும் பழக்க முடியாது.

எப்போது காத்திருக்காமல் ஓட வேண்டும்?

முக்கி முக்கி நிற்கிறது, சலம் வரவில்லை அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் அன்றைக்கே, அந்த மணித்தியாலத்திலேயே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கடுவன் நாயின் சிறுநீர்க்குழாய் நீளமும் ஒடுக்கமும் கொண்டது. ஒரு சிறு கல் அதை அடைத்துவிட்டால் இரண்டொரு நாளில் உயிர் போகும். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்கிவிட்டு ஒரு இரவைக் கடத்துகிறார்கள். அந்த இரவுதான் ஆபத்து.

சலம் சிவப்பாகவோ பிளேன்டீ நிறத்திலோ இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். அது சிறுநீர்ப்பைக் கிருமியாக இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம், நம் ஊரில் அது சாதாரணம். முரசு வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சல் என்ற சந்தேகம் வலுக்கும். கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்குத் தீட்டு முடிந்து நான்கு முதல் எட்டுக் கிழமைக்குள் அதிக தாகம், சாப்பாட்டில் வெறுப்பு, பின்பக்கத்தில் சீழ் போன்ற கசிவு வந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கக்கூடும். கசிவே இல்லாமலும் இது வரும், அந்த வகைதான் கூடுதல் மோசம்.

வைத்தியரிடம் போக முதல் வீட்டில் எதைக் கவனித்து வைக்கலாம்?

சலத்தைப் பாருங்கள். அது நிறையச் சொல்லும்.

பெரிய குளமா, உள்ளங்கை அளவா? பெரிய குளம் என்றால் நாய் நிறையக் குடித்து நிறையக் கழிக்கிறது, அல்லது நீண்ட நேரம் அடக்கிவிட்டு முடியாமல் விட்டிருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சின்னச் சின்னதாக என்றால் சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கலாம். நிலத்திலா, கதவு நிலையிலா? செங்குத்தான இடத்தில் ஒரு கரண்டி அளவு என்றால் அடையாளம் வைக்கிறது. படுத்து எழுந்த இடம் நனைந்திருக்கிறதா? அது ஒழுகல், நாய்க்கே தெரியாது. வாசற்கதவுக்கு முன்னால் போயிருக்கிறதா? வெளியே விடும்படி கேட்டிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

ஒரு கொப்பித் தாளில் ஏழு நாளுக்கு நேரம், இடம், அளவு, அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். தினமும் வந்து வீடு கூட்டும் அக்கா இருந்தால் அவரிடமும் கேளுங்கள். நீங்கள் வேலையால் வருமுன் அவர் சத்தமில்லாமல் துடைத்துவிட்ட கதைகள் பல இருக்கும். கைபேசியில் ஒரு வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. குந்துகிறதா, காலைத் தூக்குகிறதா, நடந்துகொண்டே விடுகிறதா என்பது சொல்லி விளங்காது.

எவ்வளவு தண்ணீர் குடித்தால் அதிகம்?

ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 மில்லிலீட்டர் வரை சாதாரணம். 100 மில்லிலீட்டரைத் தாண்டினால் சோதிக்க வேண்டும். பத்துக் கிலோ நாய் என்றால் அரை லீட்டருக்குச் சற்று மேல் சரி, ஒரு லீட்டர் சரியில்லை. காலையில் இரண்டு லீட்டர் போத்தலை நிரப்பி, நாள் முழுக்க அதிலிருந்தே ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரம் போத்தலிலும் கிண்ணத்திலும் மிஞ்சியதை அளந்து கழியுங்கள். மூன்று நாள் செய்தால் நம்பக்கூடிய எண் கிடைக்கும். கடும் வெயிலிலும், சோற்றுக்குப் பதில் உலர் தீனி சாப்பிடும் நாய்க்கும் எண் கூடத்தான் செய்யும்.

உள்ளே போகிறதே என்று தண்ணீரைக் குறைப்பது மட்டும் வேண்டாம். சிறுநீரகம் பழுதான நாய்க்கும் நீரிழிவு உள்ள நாய்க்கும் அது விஷம் கொடுப்பதற்குச் சமம்.

சலத்தை எப்படிப் பிடித்துக் கொடுப்பது?

விடியற்காலை முதல் சலம் சிறந்தது, இரவில் செறிந்திருக்கும். கடுவன் என்றால் கழுவிக் காயவைத்த சிறு போத்தலை நடுத்தாரையில் நீட்டினால் போதும். பெட்டை தாழக் குந்தும். அதற்கு நீளக் காம்புள்ள அகப்பை ஒன்றைக் கழுவி வைத்துக்கொண்டு பின்பக்கமாக நீட்டுங்கள். (அந்த அகப்பை பிறகு குசினிக்குத் திரும்பக் கூடாது.) தொடங்கியவுடன் நீட்டினால் பயந்து நிறுத்திவிடும், இரண்டு விநாடி விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி போதும். ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோக முடியாவிட்டால் மூடி, உறையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நிலத்திலிருந்து ஒற்றி எடுத்தது உதவாது. கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் வைத்தியர் ஊசியால் நேரே சிறுநீர்ப்பையிலிருந்து எடுப்பார். பார்க்கப் பயமாக இருக்கும், நாய்க்கு அவ்வளவு நோகாது.

என்னென்ன நோய்களைத் தேடுவார்கள்?

சிறுநீர்ப்பைக் கிருமியும் கல்லும் முதலில். பிறகு நீரிழிவு, சிறுநீரகப் பழுது, வயிறு தொங்கி மயிர் மெலிந்து மூச்சிரைக்கும் குஷிங் நோய், கருத்தடை செய்யாத வயதான கடுவனில் புரொஸ்டேட் வீக்கம். மருந்தும் காரணமாகலாம். தோல் சொறிக்குக் கொடுத்த பிரெட்னிசலோன், இதயத்துக்குக் கொடுக்கும் புரூசமைட், வலிப்புக்குக் கொடுக்கும் பினோபாபிட்டால் மூன்றும் சலத்தைக் கூட்டும். ‘சொறிக்கு ஊசி போட்ட அடுத்த நாளிலிருந்து’ என்று உங்களுக்கு நினைவு வந்தால் அதைச் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொய்ட்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

கிருமிக்குத் தந்த அன்டிபயோட்டிக்கை இரண்டு நாளில் சுகம் தெரிந்ததும் நிறுத்திவிடுவது வழமையான பிழை. அடுத்தது, நோகிறதே என்று வீட்டிலிருக்கும் ஐபுபுரூபனையோ பரசிட்டமோலையோ கொடுப்பது. ஐபுபுரூபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பரசிட்டமோல் ஈரலைத் தாக்கும்.

கருத்தடை செய்த பெட்டை. நடக்கும்போது ஒன்றுமில்லை, தூங்கி எழும்பினால் பாய் நனைந்திருக்கிறது.

சிறுநீர்க்குழாயின் சுருக்குத் தசை தளர்ந்திருக்கிறது. கருத்தடைக்குப் பிறகு சில மாதத்திலோ பல வருடம் கழித்தோ வரலாம். பெரிய இன நாய்களில் கூடுதல். பினைல்புரோப்பனோலமைன் அல்லது ஈஸ்ட்ரியோல் கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகக் கட்டுப்படும். முதலில் கிருமி இல்லை என்று உறுதிப்படுத்துவார்கள். இது பழக்கவழக்கப் பிரச்சினையே அல்ல.

மழை நாட்களில் மட்டும் உள்ளே போகிறது. வெளியே கூட்டிப்போனால் படியிலேயே நின்றுவிடுகிறது.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, ஒக்டோபர் நவம்பரில் பின்னேர இடிமழை. கொழும்பில் இந்த மாதங்களில் இந்தக் கேள்வி அதிகம் வரும். ஈரப் புல் காலில் படுவதும் காதுக்குள் தூறல் விழுவதும் பல நாய்களுக்குப் பிடிக்காது. ஐந்து நிமிடம் நின்றுவிட்டு ‘போகவில்லை’ என்று உள்ளே கூட்டி வருவீர்கள். வந்ததும் காய்ந்த டைல்ஸில் போகும். அதன் கணக்கில் அது சரிதான்.

கூரை உள்ள ஒரு இடம் வேண்டும். கார் நிறுத்தும் இடத்தின் ஓரம், விறாந்தை மூலை, பல்கனி, எது இருக்கிறதோ அது. அகலமான தட்டில் புல் பதித்தோ செயற்கைப் புல் விரித்தோ வையுங்கள். முதல் நாள் நாயின் சலம் ஒற்றிய துணித்துண்டை அதன்மேல் போட்டால் வாசம் பிடித்துப் போகும். தினமும் கழுவாவிட்டால் நாயே அதை ஒதுக்கும், கீழ் மாடிக்காரரும் கதவைத் தட்டுவார். பல்கனியைக் கழுவிய தண்ணீர் எங்கே வடிகிறது என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரிகை விரிப்பது மலிவு. ஆனால் பத்திரிகையில் பழகிய நாய்க்கு நிலத்தில் கிடக்கும் ஞாயிறு வீரகேசரியும் கழிப்பிடம்தான்.

மழைக்கு முன் முந்திக்கொள்வதும் ஒரு வழி. பின்னேரம் வானம் கறுக்கும்போதே ஒரு தடவை கூட்டிப்போய்விடுங்கள்.

தீபாவளி வெடிக்குப் பிறகு இரவில் வெளியே வர மறுக்கிறது.

ஏப்ரல் புத்தாண்டு, டிசம்பர் 31 நள்ளிரவு, இடி எல்லாவற்றுக்கும் இதே கதை. வெடித்த நேரத்தில் நின்ற இடத்தையே நாய் பயத்தோடு சேர்த்துவிடும். இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு கிழமைக்கு வேறு பாதையில், வெளிச்சம் இருக்கும்போது கூட்டிப்போங்கள். வெடி வருமென்று தெரிந்த நாளில் மாலை ஆறு மணிக்கு முன் கடைசி நடையை முடித்துவிட்டு, யன்னலை மூடி, மின்விசிறியைப் போட்டு உள்ளறையில் வையுங்கள். பயந்த நாயை அணைத்தால் பயம் வளரும் என்பது தவறு, தாராளமாகப் பக்கத்தில் இருங்கள். நடுங்கி வாயூறிச் சுவரைப் பிறாண்டும் அளவுக்குப் பயம் என்றால் அதற்கு மருந்து உண்டு. முதல் நாளே வைத்தியரிடம் கேட்க வேண்டும், வெடி கொளுத்தியபின் அல்ல.

கடுவன். செற்றிக் கால், திரைச்சீலை, புதுச் சூட்கேஸ் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக.

அடையாளம் வைக்கிறது. ஒழுங்கையில் திரியும் நாய் உங்கள் கேற்றில் வைத்துவிட்டுப் போனதற்கு உள்ளே பதில் எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பொருள், விருந்தாளியின் பை, புதிதாக வந்த பூனை, குழந்தை எல்லாம் தூண்டும். தீட்டு நெருங்கும் பெட்டைகளும் செய்யும். ஆண்மைநீக்கம் செய்தால் பல கடுவன்களில் நன்றாகக் குறையும், ஆனால் வருடக்கணக்கில் ஊறிய பழக்கம் எல்லா நாயிலும் முழுதாக நிற்காது. கேற்றைக் கழுவுங்கள். தெரு தெரியும் யன்னலின் கீழ்ப்பாதியை மறையுங்கள். புதுப் பொருளை நிலத்தில் வைக்காதீர்கள். வழக்கமாகக் காலைத் தூக்கும் மூலையில் அதன் சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்தால் பெரும்பாலும் அந்த மூலை தப்பும்.

நாங்கள் வேலைக்குப் போனால் மட்டும் நடக்கிறது.

எத்தனை மணித்தியாலம்? வளர்ந்த நாய்க்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம்தான் நியாயமான எல்லை. காலி வீதி வாகன நெரிசலையும் சேர்த்துப் பத்துப் பதினொரு மணித்தியாலம் வீட்டில் இல்லையென்றால் பிழை நாயில் இல்லை. மதியம் ஒருவர் வந்து பத்து நிமிடம் வெளியே கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள்.

அப்படி இல்லாமல், நீங்கள் கதவைச் சாத்தி அரை மணித்தியாலத்துக்குள், அதுவும் சற்று முன் வெளியே போய்வந்த பிறகே நடந்தால் அது தனிமைப் பயம். பழைய கைபேசியொன்றை அலுமாரி மேல் வைத்து முதல் அரை மணித்தியாலத்தைப் பதிவு செய்யுங்கள். ஊளை, உலாத்தல், எச்சில் ஒழுகல், கதவுக் கீறல் தெரிந்தால் கூட்டில் அடைக்காதீர்கள், பல்லை உடைத்துக்கொள்ளும். ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்புவதில் தொடங்கி, அது பதறாத அளவுக்குள் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் வைத்தியம். மாதங்கள் எடுக்கலாம்.

தோட்டமுள்ள வீட்டிலிருந்து பிளாட்டுக்கு வந்தோம். கீழே கூட்டிப்போனாலும் போகமாட்டேன் என்கிறது.

அது புல்லில் பழகியது. பிளாட்டைச் சுற்றி இருப்பதோ கொங்கிறீட். மரைன் டிரைவ் ஓரத்தில் காற்று, ரயில் சத்தம், அறியாத நாய்களின் வாசம். ஒரு புல்திட்டைக் கண்டுபிடித்து அங்கேயே தொடங்குங்கள். லிப்ட் வர எடுக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். லிப்டுக்குள் போய்விட்டால் நிர்வாகக் குழு கடிதம் அனுப்பும். மதிய வெயிலில் தார் சுடும். புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது. சூடு பட்ட நாய் அடுத்தமுறை கதவடியில் படுத்துவிடும்.

யாராவது வந்தால் தாழ்ந்து, காதை மடித்து, சலம் விட்டுவிடுகிறது.

பணிவில் வருவது. திட்டினால் கூடும். வருபவரிடம் முதல் ஐந்து நிமிடம் நாயைப் பார்க்க வேண்டாம், மேலே குனிந்து தலையைத் தடவ வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு பக்கவாட்டில் குந்தி, நெஞ்சைத் தடவலாம்.

பன்னிரண்டு வயது. மூலையில் நிற்கிறது, இரவில் உலாத்துகிறது, வெளியே போய்விட்டு வந்து உள்ளே போகிறது.

மூளை முதுமையாக இருக்கலாம். மனிதர்களின் மறதி நோய் போன்றது. உணவாலும் மருந்தாலும் வேகத்தைக் குறைக்கலாம், திருப்ப முடியாது. ஆனால் பல வயதான நாய்களுக்குப் பிரச்சினை மூட்டுவலி மட்டும்தான். வழுக்கும் டைல்ஸில் எழுந்து வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிடும். படுக்கையிலிருந்து கதவுவரை வழுக்காத பாய்களை வரிசையாகப் போடுங்கள், இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும், இரவு பத்துக்கும் விடியற்காலை நான்குக்கும் கூட்டிப்போங்கள். இதிலேயே பாதி குறைவதைப் பார்க்கலாம்.

மூக்கைத் தேய்த்து ஒரு அடி போட்டால்தானே விளங்கும்? செய்ததும் அதன் முகத்தில் குற்ற உணர்வு தெரிகிறதே.

அது குற்ற உணர்வு அல்ல. 2009இல் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். தின்னக்கூடாததைத் தின்றதா இல்லையா என்பதோடு அந்த முகத்துக்குத் தொடர்பு இல்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதோடுதான் தொடர்பு இருந்தது. தின்னாத நாயும் திட்டு வாங்கினால் அதே முகத்தைக் காட்டியது.

அடித்தால் நாய் படிப்பது வேறு பாடம்: ‘இவருக்கு முன்னால் போகக்கூடாது’. பிறகு கட்டிலுக்குப் பின்னால் போகும். வெளியே கயிற்றில் உங்களோடு நிற்கும்போதும் போகாது. போகும்போதே கண்டால் கையை ஒருதரம் தட்டி, உடனே வெளியே கூட்டிப்போங்கள். பிந்திக் கண்டால் துடைப்பது மட்டுமே உங்கள் வேலை.

எப்படித் துடைப்பது? பினைல் போட்டும் அதே இடத்துக்கே போகிறது.

பினைல் உங்கள் மூக்கைத்தான் ஏமாற்றும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்கள் சலம் போலவே மணக்கும். பினைலையும் டெட்டோலையும் பாதத்திலிருந்து நக்கினால் நாய்க்குக் கெடுதி. குளோரக்ஸ் வகை வெளிற்றியைச் சலத்தின்மேல் நேரே ஊற்றினால் நச்சு வாயு வரும்.

முதலில் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீர். பிறகு செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தை ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஈரமாகவே விட்டு, தானாகக் காயவிடுங்கள். தெளித்தவுடன் துடைத்துவிடுவதுதான் ‘வேலை செய்யவில்லை’ என்பவர்கள் செய்யும் பிழை. செற்றி மெத்தை என்றால் சலம் ஊறிய ஆழத்துக்கு இதுவும் ஊற வேண்டும். கிடைக்காவிட்டால் நொதி உள்ள சலவைத் தூள் 100 கிராமை ஒரு லீட்டர் இளஞ்சூட்டு நீரில் கரைத்துப் பாவித்து, நன்றாக அலசுங்கள். துணியில் முதலில் ஓர் ஓரத்தில் சாயம் போகிறதா என்று பாருங்கள். டைல்ஸுக்கு வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவு போதும். மாபிளிலும் மினுக்கிய சீமெந்துத் தரையிலும் வினாகிரி படக்கூடாது, அரித்துவிடும்.

டைல்ஸ் சரி, இடையிலுள்ள சாந்து? அது உறிஞ்சும். காய்ந்த சலத்தின் உப்பு ஈரத்தை இழுப்பதால் மழை நாளில் மணம் திரும்ப எழும். இரவில் விளக்கணைத்து யூவி டோச் அடித்தால் பழைய கறைகள் வெளிறிய மஞ்சள் பச்சையாகத் தெரியும்.

இந்தச் சலத்தால் எங்களுக்கு நோய் வருமா?

எலிக்காய்ச்சல் வரலாம். எலி சலம் கலந்த வெள்ளத்திலிருந்து நாய்க்கும், நாயின் சலத்திலிருந்து மனிதருக்கும் தொற்றும். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சள், அதிக தாகம் உள்ள நாயின் சலத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், காலில் புண் இருந்தால் செருப்போடு நில்லுங்கள். பிறகு வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் வந்தால் வைத்தியரிடம் நாயைப் பற்றியும் சொல்லுங்கள். நாய்க்குத் தடுப்பூசி உண்டு, வருடாவருடம் போட வேண்டும்.

உடம்பில் ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

குட்டியைப் போல் முதலிலிருந்து. எழுந்ததும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் 15 முதல் 30 நிமிடத்துக்குப் பிறகு, பகல் தூக்கத்துக்குப் பிறகு, விளையாடிய பிறகு, படுக்குமுன். இடையில் வீட்டில் இருப்பவர் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. கயிற்றில், ஒரே இடத்துக்கு. பேசாமல் பத்து நிமிடம் நில்லுங்கள், கைபேசியை நோண்டிக்கொண்டு அல்ல. போய் முடித்த இரண்டு விநாடிக்குள் அவித்த கோழித்துண்டு ஒன்று. உள்ளே வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்கான பரிசாகிவிடும். முடித்த கையோடு திருப்பிக் கூட்டி வராமல் கொஞ்சம் நடக்கவிடுங்கள், இல்லாவிட்டால் நடை முடிந்துவிடுமே என்று அடக்கப் பழகும்.

போகாவிட்டால் உள்ளே வந்து கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு, 15 நிமிடத்தில் மீண்டும் போங்கள். கண்பார்வையில் இல்லாத நேரம் குசினியிலோ தடுப்புக்குள்ளோ. சாப்பாடு இரண்டு வேளை, குறித்த நேரத்தில், 20 நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். எந்நேரமும் கிண்ணத்தில் சோறு கிடந்தால் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பால் தேத்தண்ணியை நிறுத்துங்கள். வயிறு இளகும், தேயிலையிலுள்ள கஃபீனும் நாய்க்கு ஆகாது. வீட்டில் எல்லோரும் ஒரே விதத்தில் செய்ய வேண்டும், அம்மம்மா உட்பட.

எவ்வளவு காலம்?

இரண்டு கிழமையில் மாற்றம் தெரிய வேண்டும். நான்கு கிழமை ஒரு தவறும் இல்லையென்றால் ஓர் அறையைத் திறந்துவிடுங்கள், அடுத்த கிழமை அடுத்த அறை. நடுவில் ஒருநாள் சறுக்கினால் ஓர் அறை பின்னால் வாருங்கள். ஒழுங்காகச் செய்தும் நான்கு கிழமையில் அசைவே இல்லையென்றால் மறுபடி வைத்தியரிடம், இம்முறை இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் கேட்டு.

சலம் இல்லை, மலம் மட்டும்.

முதலில் மலப் பரிசோதனை, புழுவும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் இருக்கிறதா என்று. தளர்வான மலத்தை எந்த நாயாலும் அடக்க முடியாது. கெட்டியாகவே போய், அதுவும் நடந்துகொண்டே உருண்டு விழுந்தால் முதுகெலும்பையோ மூட்டையோ பார்க்க வேண்டும்.

டயபர் கட்டலாமா?

ஒழுகும் நாய்க்கும் கிழ நாய்க்கும் கட்டலாம். மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றி, கழுவி, ஈரம் ஒற்ற வேண்டும். கொழும்புப் புழுக்கத்தில் அரை நாள் விட்டால் தோல் வெந்துவிடும். அடையாளம் வைக்கும் கடுவனுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டி உங்கள் செற்றியைக் காப்பாற்றும். பழக்கத்தை மாற்றாது.